பையில்லாத செடிகள்

மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது மலேசிய வெள்ளி. அமிர்தலிங்கத்துக்கு ரஞ்சிதம் தரவேண்டியது அவ்வளவு. வட்டி கிடையாது. வட்டிக்காரனிடம் வாங்கியிருந்தால் நாலு வார்த்தை திட்டிக்கொண்டாவது கட்டியிருப்பாள். வட்டியில்லாத கடனில் அந்த ஆறுதலும் இல்லை.

வாங்கும்போது அதற்குக் கடன் என்று பேரும் இல்லை. முன்பணம் என்றார்கள். எஸ்டேட்டின் தேயிலை நர்சரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் அமிர்தலிங்கம். அவருடைய பாட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணியாக இருந்தவர். அந்தப் பேர் பேரனோடும் ஒட்டிக்கொண்டது. லயத்தில் எல்லோரும் அவரைக் கங்காணி என்றே கூப்பிடுவார்கள், அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டிய தேயிலைக் குச்சியைப் பையில் நட்டு, வேர் பிடிக்க வைத்து, ஒரு வருஷம் வளர்த்து, பையோடு லோரியில் ஏற்றிவிட்டால் செடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில் கழித்துக்கொள்வதாகச் சொல்லித்தான் காசைக் கொடுத்தார்.

ரஞ்சிதம் அதை அன்றைக்கே கொண்டுபோய் ரிங்லெட்டில் எழும்பிக்கொண்டிருந்த மலிவுவிலை அடுக்குவீட்டுக்குக் கட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு ஓய்வு வயது கிட்டத்தில் வந்துவிட்டது. எஸ்டேட்டில் வேலை முடிந்த அன்றே லயத்து வீடும் முடியும், சட்டி பானையோடு இறங்கவேண்டியதுதான். புருஷன் தங்கையா செத்துப் பல வருஷமாகிறது. மகள் மலர் ஜோகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளே நாலு பெண்களோடு ஓர் அறையில் முடங்கிக் கிடக்கிறாள், அங்கே அம்மாவை எங்கே படுக்கவைப்பாள்? ஓய்வு பெறும்போது எஸ்டேட் கொடுக்கும் கடைசிக் காசை வைத்து அடுக்குவீட்டின் அடுத்த தவணையைக் கட்டவேண்டும். அந்தக் காசிலிருந்து கங்காணி தன் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டால் தவணை நிற்கும், வீடு வரிசையில் அடுத்து நிற்கிறவனுக்குப் போகும். ஆகையால் செடி வளரவேண்டும். அவளுக்கு அந்த ஒரு வேண்டுதல்தான் இருந்தது.

அந்த வருஷம் பார்த்துத்தான் புதுப் பை வந்தது.

கொண்டுவந்தவன் ஜெகதீஸ்வரன் என்று ஈப்போக்காரப் பையன். படித்துவிட்டுச் சின்னதாக ஒரு கம்பெனி போட்டிருந்தான். தேயிலை ஆலையில் சலித்துக் கொட்டுகிற தும்பையும் காம்பையும் அரைத்து, மரவள்ளிமாவுக் கஞ்சியில் பிசைந்து, அச்சில் அழுத்தி நாற்றுப் பை செய்திருந்தான். பார்க்க வறட்டியைச் சுருட்டி நிறுத்தின மாதிரி இருந்தது. முகர்ந்தால் ஆறிப்போன தேத்தண்ணி வாசம்.

"இத அப்படியே குழியில இறக்கிடலாம் ஆன்ட்டி. பிளாஸ்டிக்கக் கிழிக்க வேணாம், காட்டுல பொறுக்க வேணாம். மண்ணுக்குள்ள போயி மண்ணாயிரும்" என்றான்.

லோரி ஓட்டுகிற சிவசாமி பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏந்தம்பி, அதுக்கு முந்தியே கரைஞ்சு போச்சுன்னா நான் லோரியில எத ஏத்துறது? கஞ்சியையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். கோபப்படாத பையன்.

"ஆன்ட்டி, இங்க இட்லிக்கு மாவு ஆட்டி வச்சா மறுநாள் பொங்குதா?"

"எங்க பொங்குது? ரெண்டு நாளானாலும் சட்டியில சிமெண்டு மாதிரி கெடக்கும்" என்றாள் ரஞ்சிதம்.

"அதேதான் லா! மாவப் புளிக்க வைக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது மாதிரி கிருமிங்கதான் இந்தப் பையையும் திங்கும். அதுங்களுக்குச் சூடு வேணும், ஈரம் வேணும். நம்ம மலைக் குளிருல அதுங்களுக்குப் பசியே எடுக்காது. நான் இங்க மலைமேலயே, பிரிஞ்சாங்குல, திறந்த வெளியில வச்சுப் பார்த்துட்டேன். ஒன்றரை வருஷம் அசையாது."

கேட்க நன்றாக இருந்தது. மாவை வைத்துச் சொன்னதால் மனசிலும் ஏறியது. எஸ்டேட் துரை ஒப்புக்கொண்டார், கணக்கெழுதுகிற கிராணி கையெழுத்து வைத்தார், பை வந்து இறங்கியது. ஒவ்வொரு பைக்கும் அமிர்தலிங்கத்துக்குத் தரகு உண்டு என்பது பிறகு தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அவள் என்ன செய்திருக்கப் போகிறாள்?

நர்சரியில் குச்சி நடுகிற முறை எல்லா வருஷத்துக்கும் ஒன்றுதான். பைகளைத் தோளோடு தோள் இடிக்கிற மாதிரி நெருக்கி அடுக்கி, சுற்றிலும் பலகை அடித்து, மேலே மூங்கில் வளைத்து, பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போட்டு இறுக்கி மூடிவிடவேண்டும். உள்ளே வேர்வை பிடித்தால்தான் குச்சிக்கு வேர் வரும். வெயிலடிக்கிற நாளில் கூடாரத்துக்குள் கையை விட்டால் பிரசவ அறைபோல வெதுவெதுவென்று இருக்கும். லயத்துப் பெண்கள் அதற்கும் ஒரு வேலை வைத்திருந்தார்கள். இட்லி சுடவேண்டுமென்றால் காலையில் மாவுச் சட்டியைக் கூடாரத்து மூலையில் செருகிவிடுவது, சாயங்காலம் எடுத்தால் சட்டியை விட்டு வழிந்து நிற்கும். கிராணிக்குத் தெரியும். அவர் வீட்டுச் சட்டியும் அங்கேதான் இருக்கும்.

ஜெகதீஸ்வரன் மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பான். ஒரு நாள் ரஞ்சிதம் அவனுக்கு இட்லி கொடுத்தாள்.

"இவ்வளவு மெத்துன்னு எப்படி ஆன்ட்டி? எங்கம்மா ஈப்போ வெயில்ல சுட்டாக்கூட இப்படி வராது."

"கூடாரத்துல வச்சேம்பா."

"பெஸ்ட் லா!" என்றவன் நாலு இட்லியைத் தின்று கையைக் கழுவினான்.

தின்றவனுக்கும் தோன்றவில்லை, சுட்டவளுக்கும் தோன்றவில்லை. குளிரில் புளிக்காத மாவு கூடாரத்தில் புளிக்கிறது, குளிரில் கரையாத பையும் அதே கூடாரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஒருத்தருக்கும் புத்தி வரவில்லை. கூடாரம் அவர்களுக்குச் சட்டிக்கு மூடி மாதிரி. மூடியைப் பற்றி யார் யாரிடம் பேசுவார்கள்?

அதோடு ரஞ்சிதம் ஒரு காரியம் செய்தாள். வழக்கமாக மூன்று மாதத்தில் கூடாரத்தைப் பிரிக்கவேண்டும். அந்தச் சமயம் பார்த்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் இளவேர் அழுகுமோ என்று பயம். ஒரு செடி போனாலும் அது தன் வீட்டின் ஒரு செங்கல் என்று கணக்குப் போட்டு, ஆறு மாதம் வரைக்கும் மூடியே வைத்திருந்தாள். பிரித்தபோது பாத்தி முழுக்கப் பச்சை. சாவு மிகக் குறைவு. அவள் கையால் அந்த மாதிரி ஒரு பாத்தி வந்ததே இல்லை.

இன்னொரு அதிசயமும் இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வேர் எப்படி இருக்கிறதென்று பார்க்கவே முடியாது. இந்தப் பழுப்புப் பையில் பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாக வேர் துளைத்து வெளியே எட்டிப்பார்த்தது. ரஞ்சிதம் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். ஜெகதீஸ்வரன் படமெடுத்து எங்கெங்கோ அனுப்பினான். கங்காணி அவள் தோளைத் தட்டி, "ராசியான கை அக்கா" என்றார். பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரி ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

செடி ஏற்றுகிற நாள் வந்தது.

லோரியைப் பின்புறமாக நிறுத்திவிட்டுச் சிவசாமி கதவைத் திறந்தார். பங்களாதேஷ்காரப் பையன்கள் தட்டுகளோடு நின்றார்கள். ராசியான கையே முதல் செடியை எடுக்கட்டும் என்றார் கங்காணி. ரஞ்சிதம் குனிந்து, பையின் கழுத்தைப் பிடிக்கக் கை வைத்தாள். கழுத்து இல்லை. விரல் மண்ணுக்குள் போயிற்று. அடுத்ததைப் பிடித்தாள். அதுவும் மண். கொஞ்சம் பலமாக இழுத்தபோது ஒரு செடி வரவில்லை, பாத்தியின் அந்த மூலையே ஒரு சாண் தூக்கிக்கொண்டு வந்தது.

பலகையைப் பிரித்துப் பார்த்தார்கள். பை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. சுவர் கரைந்த இடத்தில் இந்தச் செடியின் வேர் அதற்குள்ளும் அதன் வேர் இதற்குள்ளும் புகுந்து, பாத்தி முழுவதும் ஒரே பாயாகப் பின்னிக் கிடந்தது. நெருக்கி அடுக்கியிருந்ததாலும் பலகை தாங்கிக்கொண்டதாலும் இத்தனை நாள் சரியாமல் நின்றிருக்கிறது.

"என்னக்கா, பாயைச் சுருட்டி ஏத்தட்டுமா?" என்றார் சிவசாமி. வாய் தவறி வந்த கேலி. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ரஞ்சிதம் கத்தியை எடுத்தாள். கேசரிக்குத் துண்டு போடுவதுபோல் நீளவாக்கிலும் குறுக்கிலும் கீறி, ஒவ்வொரு கட்டியாகத் தட்டில் வைத்தாள். வெட்டும்போதே வேர் அறுகிற சத்தம் கேட்டது. அப்படி வெட்டியவற்றை மலைச்சரிவில் நட்டுப் பார்த்தார்கள். வாரம் திரும்புவதற்குள் எல்லாம் தேத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன. பாத்தியில் மிச்சம் இருந்தவை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கொழுந்து விட்டுக்கொண்டிருந்தன. அத்தனையும் உயிரோடு இருந்தன. ஒன்றைக்கூட அங்கிருந்து நகர்த்த முடியாது.

நர்சரிக் கொட்டகையில் பேச்சு நடந்தது. ஜெகதீஸ்வரன் ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கி நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, கூடாரம் எத்தன மாசம் மூடியிருந்துச்சு?"

"ஆறு."

"ஆறா?" அவன் மெல்ல உட்கார்ந்தான். "உள்ள என்னா சூடு இருக்கும்... நான் கேட்கவே இல்லையே."

"பைமேல தப்பா, இல்ல வேற யார்மேல?" என்றார் அமிர்தலிங்கம். "அத மட்டும் சொல்லுங்க."

பையன் சங்கடத்தோடு அவளைப் பார்த்தான். "பை... சூடும் ஈரமும் பட்டா மண்ணாகணும். அதுக்குத்தான் செஞ்சது. அது சரியாத்தான் ஆயிருக்கு."

"கேட்டீங்களாக்கா? பை தன் வேலையைப் பார்த்துருச்சு."

"எப்பவும் போடுற கூடாரந்தானே தம்பி? போடாதன்னு நீங்களும் சொல்லல, அவரும் சொல்லல" என்றாள் ரஞ்சிதம்.

"மூணு மாசத்துல பிரிக்கிறத ஆறு மாசம் மூடி வைக்கச் சொல்லி நானா சொன்னேன்?" என்றார் கங்காணி.

மூன்று மாதத்தில் பிரித்திருந்தால் பை தாங்கியிருக்குமா என்று கேட்கலாமென்று இரவில்தான் தோன்றியது. இரவில் தோன்றுகிற கேள்விக்குப் பகலில் மதிப்பு ஏது? முதலில் கூலி பேசியபோது சொன்னது 'பையோடு ஏற்றிய செடி'. ஏற்றியது ஒன்றுமில்லை, கூலியும் ஒன்றுமில்லை. முன்பணம் அன்றைக்குத்தான் கடன் என்று பேர் மாறியது.

"ஓய்வு வாங்குறப்ப கடைசிக் காசுல பொத்தோங் பண்ணிப் பிடிச்சுக்கிறேன். ஒன்னும் அவசரமில்ல" என்றார் கங்காணி. வீட்டைப் பிடுங்குகிறவன் அவசரமில்லை என்று சொல்வதைப்போல ஒரு கொடுமை உண்டா?

வழி காட்டியதும் அவரே. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்க இப்போது மெஷின் வந்துவிட்டது. ஆனால் கியா பார்முக்கு ஸ்ட்ராபெரி வாங்க வருகிற சுற்றுலாக்காரர்களின் காடிகள் எல்லாம் தேயிலைத் தோட்டத்திலும் வந்து நிற்கும். துரை அந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டு, இதை ஏன் அழிக்கவேண்டும், காட்சிக்கு வைக்கலாமே என்றாராம். பாத்தியைச் சுற்றி வெள்ளை வேலி வந்தது. மூன்று பாஷையில் போர்டு வந்தது. 'தேயிலைக் கழிவில் செய்த பை, மண்ணாகி, செடிக்கே உரமானது.' போர்டில் எழுதியது ஒவ்வொன்றும் உண்மைதான். எழுதாமல் விட்டதுதான் ரஞ்சிதம்.

"சனி ஞாயிறு வந்து நில்லுங்கக்கா. சேலை கட்டிக்கிட்டு, முதுகுல கூடை மாட்டிக்கிட்டு. யாராச்சும் கேட்டா நல்ல பைன்னு நாலு வார்த்தை சொல்லுங்க. ஒரு நாளைக்கு நாப்பது வெள்ளி கடன்ல கழிஞ்சிரும். ஓய்வுக்குள்ள முடிஞ்சுபோகும்."

அவள் வேலைக்குச் சேலை கட்டியதே கிடையாது. முழுக்கைச் சட்டை, ரப்பர் காலணி, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், அதுதான் தோட்டத்து உடுப்பு. கூடையும் மாட்டிப் பல வருஷமாயிற்று. துரை வீட்டு வரவேற்பறையில் அலங்காரத்துக்குத் தொங்கிய கூடையை இறக்கிக் கொடுத்தார்கள். அதற்குள் ஒன்றும் போடக்கூடாது, பழசு, பிய்ந்துவிடும் என்றார்கள்.

அன்றிலிருந்து வாரம் ஐந்து நாள் தோட்டத்தில் மெஷினின் ஒரு முனையைத் தூக்கினாள், மீதி இரண்டு நாள் வெறுங்கூடையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, சினி, சினி!" என்று ஃபோனைக் காட்டி இந்தப் பக்கம் திரும்பச் சொல்வார்கள். திரும்புவாள். சிரிக்கச் சொல்வார்கள். பனியில் உதடு வெடித்திருந்தாலும் சிரிப்பாள். "பெக் இனி ஜாடி தானா" என்று மலாயில் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், இந்தப் பை மண்ணாகிவிடும் என்று. சொல்வாள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் போல ஆளுங்கதான் இந்தப் பூமியக் காப்பாத்துறீங்க" என்று கண் கலங்கினாள். ரஞ்சிதம் அவளுக்கும் சிரித்தாள். பூமியைக் காப்பாற்றுகிற கைக்கு நாற்பது வெள்ளி கழிந்தது.

முதலில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது. பொய் சொல்லவில்லையே, பை மண்ணாகத்தானே ஆயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சில நாள் வேலிக்குள் போய்ச் செடிகளைப் பார்ப்பாள். நன்றாகத்தான் இருந்தன. ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு, வெயிலுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு.

கடன் கடைசிக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தலிங்கம் வந்தார். கூடவே குமுதா. ரஞ்சிதத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள், சின்ன வயசு. புருஷன் லெம்பா பெர்த்தாமில் காய்கறி மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்துவிட்டான். அவனுடைய ஆபரேஷனுக்குக் காசு தேடி அவள் அலைவது லயத்துக்கே தெரியும்.

"அடுத்த பாத்திக்குக் குமுதாதான் ஆளு" என்றார் கங்காணி. "முன்பணம் நாலாயிரம். பை அதே பைதான், இப்ப கொஞ்சம் தடிப்பா வருது. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னு சொல்லுச்சு. கேளும்மா, தாராளமாக் கேளு."

"எடுக்கலாமாக்கா?" என்றாள் குமுதா.

ரஞ்சிதம் கூடையின் பட்டையை நெற்றியிலிருந்து இறக்கினாள். இன்னும் சில வாரந்தான். இந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தால் ரிங்லெட்டு வீடு அவளுக்கு. எதிரே கங்காணி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக நின்றார்.

"எடுக்காத குமுதா."

கூடையைக் கழற்றி வேலியோரம் வைத்தாள்.

"கூடாரத்துச் சூட்டுல பை கரைஞ்சுரும். தடிப்பா இருந்தா நாலு நாள் தள்ளிக் கரையும், அவ்வளவுதான். இதுல ஒரு செடிகூட லோரி ஏறலடி. முன்பணம் உன் தலையில நிக்கும். இது காட்சிக்கு வச்சது. நானும் காட்சிக்கு வச்ச ஆளுதான்."

குமுதா பாத்தியைப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று நின்ற செடிகளைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். பிறகு ரஞ்சிதம் கட்டியிருந்த சேலையைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் நல்ல பை, நல்ல பைன்னு சொன்னது நீங்கதானே?"

"காசுக்குச் சொன்னேன்டி."

"அப்ப இப்ப எதுக்குச் சொல்றீங்க?" குமுதா விரலால் கண்ணைத் துடைத்தாள். "கங்காணி காசுலதானே உங்களுக்கு வீடு வந்துச்சு? உங்களுக்கு வந்தா நல்ல பை, எனக்கு வந்தா கெட்ட பையா? என் புருஷன் எந்திரிச்சு நடந்தா உங்களுக்கு என்னாக்கா வலிக்குது?"

"அடியே, நான் சொல்றத..."

"போதும்கா. செத்த நேரம் முந்திகூட அந்தச் சீனக்காரப் பொண்ணுகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தீங்க. நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேன்."

ரஞ்சிதம் வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்தது எல்லாமே ஏற்கெனவே சொல்லிப் பழகிய வார்த்தைகளாகவே இருந்தன. அமிர்தலிங்கத்தின் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தாள். அது வரவில்லை. ஒரு துளிகூட வரவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"விடும்மா, வயசானவங்க. பனியில நின்னு நின்னு சலிச்சுப் போயிட்டாங்க" என்று சொல்லி அவர் ஃபோனை நீட்டினார். குமுதா கண்ணைத் துடைத்த அதே விரலால் கண்ணாடியில் கையெழுத்தைக் கிறுக்கினாள். காசு எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். நாளைக்கே என்றார். அவள் ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

"இனிமே நீங்க வந்து நிக்க வேணாம்கா" என்றார் கங்காணி. "மிச்சம் ஏதோ கொஞ்சம் இருக்கு, அது கெடக்கட்டும், தள்ளிட்டேன். எனக்கு ஆள் கெடைச்சாச்சு."

ஃபோனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். முன்பணம் வாங்கியவர்களின் பேர்கள் வரிசையாக இருந்தன. இந்த வயசில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள், தன் பேரைக் கண்டுபிடிக்க அவளால் முடிந்தது. அதன்மேல் அவர் கட்டைவிரலை வைத்து இழுத்தார். ரஞ்சிதம் என்ற பேர் போனது. அதற்குக் கீழே இருந்த குமுதாவின் பேர் ஒரு வரி மேலே ஏறி, அந்த இடத்தில் வந்து நின்றது.